வெள்ளிக்கிழமை ஏழு மணி

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் தன் லேப்டாப்பைப் பந்தயக் குதிரையாக்கிவிடுவது என்று தாஹ்வோ முடிவு செய்தார்.

பத்து மணிக்குத்தான் குடியிருப்பின் பொது நீராவிக் குளியலறையான சவுனாவுக்கு இணையத்தில் முன்பதிவு திறக்கும். வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம். ஒருமுறை பதிந்தால் ஆறு மாதத்துக்கு மாற்ற முடியாது. தாஹ்வோவுக்கு வெள்ளி மாலை ஏழு மணி வேண்டும். மனைவி ஹில்காவுக்குப் புதன் ஐந்து மணி வேண்டும், ஏரிப் பனியை உடைத்து நீந்தும் தன் தோழிகள் மூவரோடு. கம்ப்யூட்டர் யார் கையிலோ, கிழமையும் அவர் கையில் என்பது தாஹ்வோவின் கணக்கு.

ஒன்பதரைக்கு அறிவித்தார்: "எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாக்கிட்டேன். இனி பறக்கும்."

பறக்கவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்ன தாஹ்வோ, ராட்டினம் நல்லா ஓடுது?"

"நெட்டு சரியில்ல."

"என் போன்ல வருதே."

"போன் வேற, கம்ப்யூட்டர் வேற. இந்த நுணுக்கமெல்லாம் உனக்குப் புரியாது ஹில்கா."

முப்பத்தொரு வருடம் லிப்ட் பரிசோதகராக இருந்தவர் அவர். கோளாறு தேடுவதற்கு ஒரு முறை உண்டு என்று நம்புபவர். ரூட்டரை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டார். அதைப் புத்தக அலமாரியின் உச்சிக்கு ஏற்றினார். பிறகு மைக்ரோவேவின் பிளக்கைப் பிடுங்கினார்.

"ஐயோ, என் கஞ்சி உள்ள இருக்கு!"

"அதோட அலைதான் மறிக்குது. பச்சையா தின்னு."

கடைசியில் ரூட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்தார். அது நடைவழி வரைதான் வந்தது. குளிர்கால பூட்ஸ்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டார். மணி பத்தாக இரண்டு நிமிடம்.

"நான் வேணா போன்ல போட்டுடவா?"

"கட்டைவிரலால செய்யுற காரியமா இது? நீ உன் வேலையப் பாரு."

"சரி," என்றார் ஹில்கா.

இருபத்தெட்டு வருட இல்லறத்தில் அவர் இத்தனை சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. தாஹ்வோ அதைக் கவனித்திருக்கலாம். அவர் வட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

பத்து இருபதுக்குப் பக்கம் திறந்தது. 'உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே பதிவாகிவிட்டது: புதன், மாலை ஐந்து மணி.'

"ஹில்கா!"

"என் வேலையப் பாக்கச் சொன்ன. பாத்துட்டேன்." அருகில் வந்து குனிந்து, திரையின் மூலையில் விரல் வைத்தார். "இங்க பாரு. உன் பழைய போட்டோ பதினெட்டாயிரமும் நெட்டுலருந்து திரும்ப எறங்கிட்டிருக்கு. புதுசாக்கினப்ப கேட்டதுக்கெல்லாம் ஆமா ஆமான்னு அமுக்கிட்ட. இத நிறுத்து, நெட்டு வேகமாயிடும்."

"இத எப்பப் பாத்த?"

"ஒம்பதே முக்காலுக்கு. எனக்குத்தான் நுணுக்கம் புரியாதேன்னு விட்டுட்டேன்."

தாஹ்வோ பூட்ஸ்களுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"புதன்கிழமை நீங்க நாலு பொம்பளைங்க உள்ள இருப்பீங்க. ஆறு மாசம் நான் எங்க குளிக்கிறது?"

"பாத்ரூம்ல ஷவர் இருக்கு. அதுக்கு நெட்டே வேண்டாம்."