விரலில் ஒரு கல் கட்டடம்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், கேட்டால் அதற்கும் ஒரு ஃபாரம் நீட்டுவார்கள், நண்டுப் பத்தர் என்று ஒருவர் நகை வேலை செய்துகொண்டிருந்தார். மற்ற பத்தர்கள் இடுக்கி வாங்க ஊர் ஊராய் அலைவார்கள். இவருக்கு அந்தக் கவலையே இல்லை, பிறக்கும்போதே இரண்டு இருந்தன. ஓடையோரப் பாறையில் கடை. வாசலில் ஒரு பலகை: 'இங்கு கல் கட்டடம் நல்ல முறையில் செய்து தரப்படும்.'

நகையில் கல் பதிப்பதைப் பத்தர்கள் கட்டடம் என்றுதான் சொல்வார்கள். அது காட்டில் எல்லோருக்கும் தெரியும். கட்டட அனுமதி ஆபீசுக்கு மட்டும் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை அன்னக்கொடி என்ற கீரிப்பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். உள்ளங்கையைத் திறந்தாள். நிலாக் கலரில் ஒரு கல். பட்டை தீட்டாத கல், அடி தட்டையாக, மேல்பக்கம் வழவழவென்று உப்பி, பணியாரத்தைப் பாதியாக நறுக்கி வைத்தது போல இருந்தது.

"பத்தரய்யா, வெள்ளிக்கிழமை காலையில எனக்கு நிச்சயம். மலையரசு ஆத்துல முங்கி முங்கி எனக்காக எடுத்த கல்லு இது. மோதிரமா செஞ்சு குடுங்க."

"அதுக்கு ஏன் தாயி இந்த ஓட்டம்?"

"அவங்கம்மா ஒரு சாக்கு தேடிக்கிட்டிருக்காங்க. கரையான் காலி பண்ணின புத்துல வாடகைக்கு இருக்கிற பொண்ணு, சொந்தமா ஒரு கட்டடம் உண்டான்னு ஊரெல்லாம் பேச்சு. என் பிள்ளை எடுத்த கல்லு வெள்ளிக்கிழமை அவ விரல்ல இல்லேன்னா சம்பந்தம் இல்லேன்னுட்டாங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மலையரசு மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

பத்தர் உடனே உட்கார்ந்துவிட்டார். மெல்லிய வெள்ளித் தகட்டைக் கல்லைச் சுற்றி வளைத்து அளவெடுத்தார். மயிரிழை கூடினால் கல் ஆடும், மயிரிழை குறைந்தால் கல் உட்காராது. வெட்டினார், முனைகளைச் சேர்த்தார், பற்றுப்பொடி வைத்து ஊதுகுழலால் நெருப்பை ஊதினார். அடித்தகட்டோடும் வளையத்தோடும் பற்றவைத்து, சூடு ஆறவிட்டு, செவ்வாய்க்கிழமை மதியம் கல்லை உள்ளே இறக்கினார். அச்சாகப் பொருந்தியது.

"கல்லைச் சுத்தி சுவர் எழுப்பியாச்சு! இனி சுவரைச் சாய்ச்சு இறுக்க வேண்டியதுதான் பாக்கி!" என்று சந்தோஷத்தில் கத்தினார்.

கத்தியிருக்க வேண்டாம். வாசலில் தேவாங்கு நின்றுகொண்டிருந்தது. கட்டட அனுமதி ஆபீசின் கிளார்க். பலகையை ஒருமுறை பார்த்தது, பத்தரை ஒருமுறை பார்த்தது. முட்டைக் கண், இமைக்கவே இல்லை.

"பத்தரே, கல் கட்டடமா?"

"ஆமா சார். ஆனா அது..."

"சுவர் எழுப்பியாச்சா?"

"எழுப்பியாச்சு சார், ஆனா..."

"பிளான் அப்ரூவல் எங்கே?"

அவ்வளவுதான். பத்தரை வெளியே தள்ளி, கடைக்குச் சீல் வைத்துவிட்டுத் தேவாங்கு மெல்ல நடையைக் கட்டியது. மோதிரம் உள்ளே. கல்லும் உள்ளே.

புதன்கிழமை பத்தரும் அன்னக்கொடியும் ஆபீஸ் வரிசையில் நின்றார்கள். முன்னால் ஒரு தூக்கணாங்குருவி, மூன்றாவது மாடிக்கு அனுமதி கேட்டு. அதற்கு முன்னால் ஒரு நத்தை, நடமாடும் வீடு எந்த வார்டில் சேரும் என்று கேட்டு. ஒருவழியாக இவர்கள் முறை வந்தது. தேவாங்கு ஃபாரத்தை எடுத்தது.

"எத்தனை கதவு?"

"கதவே கிடையாது சார். மோதிரம் சார் அது!"

"அந்தக் கட்டத்துல மோதிரம்னு எழுத இடமில்லை. நாலு பக்கமும் எவ்வளவு காலி இடம் விட்டிருக்கீங்க?"

பத்தருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "காலி இடமா? என் கட்டடத்துலயா? ஒரு ஊசிமுனை காட்டுங்க, இந்தத் தொழிலையே விட்டுடறேன்!"

"காலி இடம் இல்லை," என்று சொல்லிக்கொண்டே தேவாங்கு எழுதியது. "நிராகரிக்கப்பட்டது. அடுத்து!"

ஆலமரத்தடியில் வந்து உட்கார்ந்த பத்தர் நகை வேலையின் நுணுக்கத்தை முதலிலிருந்து தேவாங்குக்கு விளக்கப்போவதாகச் சொன்னார். படம் வரைந்து காட்டுவாராம். அன்னக்கொடிக்கு வந்ததே கோபம்.

"நீங்க படம் வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள மலையரசுக்கு வேற பொண்ணு பார்த்துடுவாங்க! ஐயா, தகட்டை எதுக்கு அளவெடுத்து வெட்டுறீங்க?"

"கல்லுக்கு."

"இந்த ஃபாரத்துக்கும் அப்படி அளவெடுங்களேன்! பேனாவை இப்படிக் குடுங்க."

அவளே எழுதினாள். கட்டடத்தின் பெயர்: கல் கட்டடம். உரிமையாளர்: அன்னக்கொடி. அஸ்திவாரம்: வெள்ளி. கூரை: இயற்கையான கல், மழைநீர் தானே வழிந்து ஓடும். கதவு, ஜன்னல்: திருட்டு பயத்தால் வைக்கவில்லை. குடியிருப்பவர்: ஒருவர், அமைதியானவர். காலி இடம்: நான்கு பக்கமும் காடுதான், அளந்துகொள்ளவும்.

பத்தர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. "அடிப்பாவி!" என்றார்.

மறுபடி வரிசையில் நின்று கொடுத்த ஃபாரத்தைத் தேவாங்கு படித்தது. முதல்முறையாக இமைத்தது. "இப்படித் தெளிவா எழுதினா நாங்க ஏன் தொல்லை குடுக்கப்போறோம்? நாளைக்கு ஆபீசர் நேர்ல வந்து பார்ப்பார்."

ஆபீசர் ஒரு யானை. கிட்டப் பார்வை சரியில்லை. கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று போடுவதில்லை. வியாழக்கிழமை தேவாங்கோடு வந்து, சீலை உடைத்து, மோதிரத்தை வாசல் பாறையில் வைக்கச் சொன்னார். பிறகு கம்பீரமாக நிமிர்ந்து தூரத்தில் பார்த்தார்.

"கட்டடம் எங்கேய்யா?"

"அய்யா! கால்! கால்!" என்று அலறினார் பத்தர். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. அன்னக்கொடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "உங்க காலுக்குக் கீழேதான் அய்யா கட்டடம்!" என்றார் பத்தர்.

யானை குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கிளார்க் பக்கத்தில் நிற்கிறானே, அவன் எதிரில் தெரியவில்லை என்று சொல்ல முடியுமா?

"ம்ம். நல்ல காற்றோட்டமா இருக்கு," என்று காலைப் பின்னால் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பத்தர் கடைசி வேலையை முடித்தார். தகட்டுச் சுவரைக் கல் பக்கமாக வடக்கே ஒரு தள்ளு, உடனே எதிரே தெற்கே ஒரு தள்ளு. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனால் தகடு மடிந்துவிடும். விளிம்பு கல்லின் தோளில் படிந்தது. காதோரம் வைத்து ஆட்டினார். சத்தமே இல்லை.

நிச்சயத்தில் மலையரசின் அம்மா மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறை கிடைக்கவில்லை. முகம் வாடிவிட்டது. "கல்லு கிடக்கட்டும். சொந்தமா ஒரு கட்டடம் உண்டா?" என்று பழைய பாட்டை எடுத்தாள்.

அன்னக்கொடி தாளை நீட்டினாள். முத்திரை, கையெழுத்து, யானையின் கால்தடம், எல்லாம் இருந்தது.

"கல் கட்டடமா! உன் பேர்லயா! அப்ரூவல் வாங்கினதா!" அந்த அம்மாள் தாளைப் பிடுங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தாள். "எங்கேடி கண்ணு இருக்கு?"

"கைக்கெட்டின தூரந்தான் அத்தை," என்றாள் அன்னக்கொடி, மோதிரத்தைத் தடவிக்கொண்டே. மலையரசு சிரிப்பை அடக்க முடியாமல் புதருக்குள் ஓடிவிட்டான்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாமியார் இன்றும் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நண்டுப் பத்தர் கடையில் இப்போது உட்கார இடமில்லை. வீடில்லாதவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கல்லோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

நீதி: கல்லுக்கு அளவெடுத்துக் கட்டடம் செய், ஃபாரத்துக்கு அளவெடுத்து உண்மை சொல்.