ஆடியில் ஒரு கூட்டு ஆய்வு

குழந்தைகளைக் காப்பாற்ற உலகம் எத்தனையோ வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறது. அவற்றில் தலைசிறந்தது, எல்லோரும் சேர்ந்து போவது. அந்த மகத்தான வழியை மண்ணூர்பேட்டைக்குக் கொண்டுவந்தது எங்கள் 'குழந்தைகள் நல ஒருங்கிணைப்புக் குழு'. போலீஸ், பள்ளி, சுகாதாரம், சமூக நலம், பொதுமக்கள் என ஐந்து தரப்பு. பொதுமக்கள் என்பது நான். எங்கள் அடுக்குமாடியில் வேறு யாரும் மாட்டவில்லை.

குழு அமைவதற்கு முன் நிலைமை படுமோசம். புகார் வந்தால் யாராவது ஒருவர் ஸ்கூட்டரில் தனியாகப் போய்விடுவார். வேலையும் முடிந்துவிடும். பிறகு துறைகளுக்குள் நல்லுறவு எப்படி வளரும்?

ஆனி மாதத் தொடக்கத்தில் ரோஷினி என்ற பெண் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். பத்தாவது பாஸ், பதினொன்றில் சேரக் காத்திருந்தாள். அப்பா ஏகாம்பரமோ வேப்பம்பட்டில் தன் அக்கா மகனுக்கு அவளை நிச்சயம் செய்துவிட்டார்.

"ஆனி கடசி முகூர்த்தத்துல கல்யாணம் சார். அதுக்குள்ள யார்னா வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

குழு உடனே கூடியது. சமூக நலத்தின் அகல்யா சின்ன வயது, அவசரக்காரி.

"ஸ்கூட்டி கீழதான் நிக்குது சார். இப்பவே போய்ட்டு வந்துடறேன்."

"தனியா போனா அதுக்குப் பேரு கூட்டு நடவடிக்கையாம்மா?" என்று தலைவர் கோதண்டம் அன்போடு கேட்டார். 'தன்னிச்சையாகச் செயல்பட மாட்டேன்' என்று அகல்யாவிடம் எழுதியும் வாங்கிக்கொண்டோம்.

அடுத்து தேதி. தலைவர் சுவர்க் காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆனியில் முகூர்த்தங்கள் நெருக்கியடித்தன. இன்ஸ்பெக்டர் பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும். தலைமையாசிரியர் ஆவடியில் ஒரு வரவேற்புக்கு. முகூர்த்தமில்லாத நாட்களை ஆய்வுக் கூட்டங்கள் விழுங்கியிருந்தன.

"ஆடில யாரும் கல்யாணம் வைக்கமாட்டாங்க. எல்லாரும் ஃப்ரீ" என்றார் தலைவர். என்ன கூர்மை! அகல்யா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தீர்மானம் 'ஒருமனதாக' நிறைவேறிவிட்டது.

ஆடி முதல் வெள்ளியன்று ஒரே வேனில், பேனரோடு போய் இறங்கினோம். அம்மன் கோயில் ஒலிபெருக்கி தெருவையே அதிரவைத்துக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் ஆளுக்கொரு சொம்பு கூழ் கொடுத்து உபசரித்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாணம் என்று ஒரு புகார் வந்ததே என்று விசாரித்தார்.

"ஆடி மாசத்துல எவன் சார் கல்யாணம் பண்ணுவான்?" என்றார் ஏகாம்பரம். "பொண்ணு ஊட்லதான் கீது, பாருங்க."

மறுக்கமுடியாத வாதம். எங்கள் தீர்மானத்திலேயே அது இருந்தது.

ரோஷினி வந்து நின்றாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. ஆடி வெள்ளியில் எங்கே பார்த்தாலும் மஞ்சள்தானே, யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. 'குழந்தை பெற்றோரின் பாதுகாப்பில் நலமாக உள்ளது' என்று தலைவர் சொல்ல, தலைமையாசிரியர் எழுதிக்கொண்டார். அகல்யா தரையைப் பார்த்தபடி நின்றார். பேனரைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம், ரோஷினியை நடுவில் நிறுத்தி.

நாங்கள் வேனில் ஏறியதும் ரோஷினி ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணம் ஆனிலயே ஆயிடுச்சு சார். ஆடின்னுதான் அம்மா ஊட்டுக்கு இட்டாந்துகீறாங்க. ஆவணி பொறந்தா திரும்ப இட்டுகினு பூடுவாங்க. அதுக்குள்ள இன்னொரு தபா வருவீங்களா?"

"தேதி பார்த்துச் சொல்றோம்மா" என்றார் தலைவர். ஆவணி என்றதும் நினைவு வந்து பையிலிருந்து பத்திரிகைகளை எடுத்து எங்களுக்குக் கொடுத்தார். முதல் முகூர்த்தத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம்.

"எம்.பி.ஏ. முடிச்சு, வேலைக்குப் போய், அவளா சரின்னு சொன்னப்புறம்தான் பேசி முடிச்சேன். பிள்ளைங்க விருப்பம்தானே முக்கியம்?"

ஆமாம் என்றோம். ரோஷினி கையை எடுக்கவில்லை. டிரைவர் கண்ணாடியை ஏற்றப்போனபோது, "பார்த்துப்பா, விரல் நசுங்கிடப் போவுது" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் எச்சரித்தோம்.

அவளுக்காக எங்கள் குழு கூட்டாகச் செய்து முடித்த பாதுகாப்பு நடவடிக்கை அது ஒன்றுதான்.