நாவலில் நின்ற யானை

பேரன்பும் அதைவிடப் பெருங்கோபமும் கொண்ட, நம்மூர் ஊராட்சித் தலைவியும் என் சொந்த அத்தையுமாகிய பாண்டீஸ்வரி அவர்களின் சமூகத்துக்கு, அண்ணன் மகள் சுகப்பிரியா விழுந்து கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், அப்பா, அம்மா, நீங்க விட்டுட்டுப் போன வெள்ளாடு அனைவரும் நலம். பாலவனத்தத்துல சின்னத்தை வீட்டுல நீங்களும் உங்க கோபமும் நலமா? போனை அணைச்சு வச்சிருக்கீங்க, அதான் தங்கமாரி அக்காகிட்ட இதைக் குடுத்து விடுறேன்.

அத்தை, நேத்து கிராமசபையில என்ன நடந்துச்சுன்னு எனக்கே இன்னும் விளங்கல. காத்துல சாஞ்சு ரோட்டை மறிச்ச கம்மாக்கரை நாவல் மரத்தை, பஸ்ஸு போகணுமேன்னு ஒதுக்கச் சொன்னீங்க. மறுநாள் மரத்தைக் காணோம். உங்ககிட்டத் தேர்தல்ல தோத்த விஜயபாண்டி மாமா, "தலைவி லோடு ஏத்தி வித்துட்டாக"ன்னு கிளப்பி விட்டாரு. ஒரு ஆளும் இறங்கித் தேடல. நீங்களும் ராஜினாமா பண்ணப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டீங்க.

எனக்குப் பொறுக்கல, நேத்து சபையில எந்திரிச்சு மைக்கைப் பிடிச்சேன். வழக்கமா ரெண்டு அர்த்தத்துல பேசி அடி வாங்குறவ நான். சத்தியமா நேத்து ஒரே அர்த்தத்துலதான் பேசுனேன். லைப்ரரியில எடுத்துக் குடுத்தீங்களே ஒரு பழைய கதை, ஜமீன் யானை தானாக் காட்டுக்குப் போனதுக்கு, திவான்தான் வித்துட்டாருன்னு ஊரே காறித் துப்பும், கடைசியில யானை திரும்பி வந்து நிக்கும், மன்னிப்புக் கேக்க மட்டும் ஒரு ஆளும் வராது, அதைத்தான் நினைச்சேன். "எங்க அத்தைக்கு நடக்குற அநியாயம் அப்படியே நாவல்ல இருக்கு! போய்ப் பாருங்க, யானையும் அங்கதான் நிக்குது!" அவ்வளவுதான் சொன்னேன். நம்மூருல அந்த மாதிரி நாவலைக் கதைப் புத்தகம்பாக, நாவல்னா மரம்தான்னு எனக்கு அப்ப உறைக்கவே இல்ல.

"ஏலே, கம்மாயில யானையாம்லே!"ன்னு சோலை எந்திரிச்சான். "இந்தக் கருவக்காட்டுக்கு ஏதுலே யானை?" "மேக்க மலையில தண்ணி இல்லாம இறங்கியிருக்கும்லே!" சங்கரம்மாள் மதினி, "ஆத்தாடி, என் ஆடு அங்கதான மேயுது"ன்னு ஓட, பின்னாடியே தகரத்தைத் தட்டிக்கிட்டு ஊரே ஓடுச்சு. "மரத்துல இல்லய்யா, புத்தகத்துல!"ன்னு மைக்குல கத்துறேன், அந்தக் கரகர மைக்குல அது "புதருக்குள்ள"ன்னு கேட்டுச்சாம். புதரை விலக்குனா கருப்பா, பெருசா என்னமோ படுத்துக் கிடக்கு. விஜயபாண்டி மாமாதான் வீரமாக் கல்லை விட்டாரு. 'டொக்'குனுச்சு. நம்ம நாவல் மரம் அத்தை! நீங்க ஒதுக்கச் சொன்னதுக்கு ஜேசிபிக்காரர் கரைக்கு அந்தப் பக்கம் தள்ளி விட்டிருக்காரு. ஒரு கொப்புகூடக் குறையல. மாமா மூஞ்சியைப் பார்க்கணுமே, நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரி கருத்துப் போச்சு.

ஆகவே அத்தை, உங்க பேர் சுத்தமாயிருச்சு. ராஜினாமாவைத் தூக்கிப் போட்டுட்டு முதல் பஸ்ஸுலயே தலை நிமிர்ந்து வாங்க. சின்னத்தைக்கும் பிள்ளைகளுக்கும் கும்பிடும் குட்டும் முறைப்படி சேரட்டும்.

நாவாலும் நாவலாலும் உங்கள் புகழ் காக்கும்,
சுகப்பிரியா

பி.கு.: பஸ் ஏறிறாதீங்க அத்தை! இப்பத்தான் டீக்கடைப் பக்கம் போயிட்டு வாரேன். மரம் கிடைச்சது சரி, யானையை எங்கேன்னு கேக்குறாக. அதை வித்துட்டுத்தான் நீங்க பாலவனத்தம் போயிட்டீகளாம்.