அந்தோனியார் காலடியில் நாலாவது குமிழ்

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
14.3.1961

அன்பும் மரியாதையும் உள்ள மாமா அவர்களுக்கு,

சர்வேசுரன் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னுடன் பேசி ஒன்பது நாள். அம்மா சமைக்கிறா, ஆனால் உப்புப் போட மறந்துவிடுகிறா. மற்றப்படி சுகம். மாமியும் பிள்ளைகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். கொழும்பில் மழை என்று கேள்விப்பட்டோம். றேடியோவில்தான்.

அந்த றேடியோவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்தது. பற்றறியும் வந்தது. கூட வந்த சிறு புத்தகம் ஜெர்மன் மொழியில் இருந்தது. பெரிய மெய்யியலாளர் பலர் ஜெர்மன்காரர் என்று முன்பொரு நாள் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அதற்கு இப்போது தண்டனை. "அப்ப வாசி" என்று புத்தகத்தை நீட்டினார். வாசிக்கவில்லை. படங்களைப் பார்த்தேன். பல்கலைக்கழகத்திலும் அதிகம் அப்படித்தான்.

முன்பக்கத்தில் நாலு குமிழ். முதலாவது திறக்கவும் மூடவும். அதையே மேலும் திருப்பினால் சத்தம் கூடும். இரண்டாவது குரலைத் தடிப்பாக்கும், மெல்லிசாக்கும். மூன்றாவதற்கு மூன்று இடங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு அலைவரிசை. நாலாவது முள்ளை நகர்த்தும், நிலையத்தைப் பிடிக்கும். இதை அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டுவிட்டுத் தனக்கென்று ஒரு விளக்கம் வைத்துக்கொண்டார். செய்தி வாசிப்பவருக்குத் தடிமன் பிடித்த நாட்களில் இரண்டாவது குமிழைத் திருப்பினால் அவருக்குச் சுகமாகும் என்பது அதில் ஒன்று. நான் மறுக்கவில்லை. குரல் உண்மையில் தெளிந்தது.

பிறகு தபசுகாலம் வந்தது. ஒவ்வொரு தபசுக்கும் அப்பா ஒன்றை விடுவார். போன வருடம் சுருட்டு. அந்த நாற்பது நாளும் தபசு செய்தது அம்மாதான். இந்த முறை றேடியோப் பாட்டை விட்டுவிட எண்ணினார். செய்தியை விட மனமில்லை. ஆள் வைத்துக் கரைவலை இழுக்கிற சம்மாட்டிக்குக் காலநிலை அறிக்கை வேண்டும், நியாயம். ஆகவே விபூதிப் புதன் காலையில் முள்ளைக் கொழும்புத் தமிழ்ச் செய்தியில் நிறுத்தினார். நாலாவது குமிழைப் பிடுங்கினார். அந்தோனியார் சுருவத்தின் காலடியில் வைத்தார். உயிர்த்த ஞாயிறு வரை அது அவருடையது. காணாமற்போன பொருளைத் தேடித் தருகிற அர்ச்சியசிஷ்டவர். தன்னிடம் ஏன் ஒளித்து வைக்கிறார்கள் என்று அவர் யோசித்திருக்கலாம்.

பெட்டியில் இப்போது மூன்று குமிழ்களும் ஒரு பித்தளைக் குச்சியும்.

மாமா, இனி என் பாவசங்கீர்த்தனம். வீட்டில் குறடு ஒன்று இருக்கிறது. அப்பா கரைக்குப் போகும் நேரங்களில் அந்தக் குச்சியைக் குறட்டால் பிடித்துத் திருப்பினேன். தூரத்து நிலையம் ஒன்றில் பின்னேரங்களில் பியானோ வாசிப்பார்கள். பாதி இசை, பாதி இரைச்சல். இரைச்சலும் பிடித்திருந்தது. படித்து முடித்து ஒன்றரை வருடம். வேலை இல்லை. விண்ணப்பங்களுக்குப் பதில் இல்லை. ஏதோ ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்கிறது என்பதே ஆறுதல். கேட்டு முடிந்ததும் முள்ளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவேன். கண்ணாடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். குறட்டை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் செருகிவிடுவேன். நாலாந் திகதி சனிக்கிழமையும் அப்படித்தான். முள்ளைப் புள்ளியில் விட்டேன் என்றே நினைவு. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் எதையும் உறுதியாகச் சொல்லாதபடி பயிற்றப்பட்டவன்.

மறுநாள் ஞாயிறு, அக்காவைப் பார்க்க வவுனியாவிலிருந்து வந்தார்கள். புனிதம் அக்காவுக்கு இருபத்தெட்டு. இது நாலாவது சம்பந்தம். மாப்பிள்ளை பிலேந்திரன், இரணைமடுவில் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். தகப்பன் கயித்தாம்பிள்ளையர், கோயில் மூப்பர். வந்தவுடன் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அரை மணி நேரம் சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தபசுகாலத்தில் என்ன பேசுவது.

"உங்கடை வீட்டிலை றேடியோ இருக்கெண்டு கேள்வி" என்றார் கடைசியில்.

"ஓம். இப்ப செய்தி மட்டுந்தான்" என்று அப்பா எழுந்தார். தன் நேர்த்திக்கடனைச் சொன்னார். குமிழைக் காட்டினார். கயித்தாம்பிள்ளையர் எழுந்து போய் அந்தோனியாரின் காலை முத்தி செய்தார். குமிழையும் முத்தி செய்தாரோ என்று எனக்கொரு சந்தேகம். "இப்பிடி ஒரு வீட்டைத்தான் நான் தேடினது" என்றார். அம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. அவவின் மனதில் அக்காவின் கலியாணமே முடிந்துவிட்டது.

அப்பா முதலாவது குமிழைத் திருப்பினார்.

ஒரு பெண் பாடினாள். எந்தத் தேசமோ தெரியாது. மேளங்கள். நடுவில் அவள் மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்டது. அப்பா இரண்டாவது குமிழுக்குத் தாவினார். அவள் குரல் தடித்தது. இப்போது அவளைவிட வயதான ஒருத்தி அதையே இன்னும் மோசமாகப் பாடினாள். மூன்றாவதைத் திருப்பினார். விசில். மறுபடி திருப்பினார். யாரோ ஒருவன் பெரிதாகச் சிரித்தான். மறுபடி. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"நிப்பாட்டுங்கோவன்!" அம்மா.

"நிப்பாட்டத்தானே திருப்பிறன்!"

"அங்காலை திருப்புங்கோ!"

"எங்காலை? எங்காலையெண்டு சொல்லன்!"

முதலாவது குமிழைத்தான் பிடித்திருந்தார். ஆனால் வலைக்கயிறு இழுக்கிற கை. தன் பக்கமாகவே இழுத்தது. சத்தம் கூடிக்கொண்டே போனது. அயல் வீட்டு நாய் குரைத்தது. அப்பா பாய்ந்துபோய் அந்தோனியார் காலடியில் கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ! நேர்த்தி!" கயித்தாம்பிள்ளையர் கத்தினார்.

கை அந்தரத்தில் நின்றது. அப்பா சுருவத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏன்ரா மரம் மாதிரி நிக்கிறாய்? நீதானே படிச்சனீ!"

உண்மை. நான் நின்றேன். குறட்டை எடுத்தால் பிடிபடுவேன். எடுக்காவிட்டால் அக்காவின் வாழ்க்கை. அந்த இரண்டுக்கும் நடுவில், வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தப் பாட்டின் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்து வாயைப் பொத்தி இருமினார், சளி போலும்.

அப்போது குசினியிலிருந்து அக்கா வந்தா. கையில் குறடு. ஒருவரையும் பார்க்கவில்லை. முதலாவது குமிழைக் குறைத்தா. மூன்றாவதை ஒரு இடம் தள்ளினா. பித்தளைக் குச்சியைக் குறட்டால் பிடித்து மெல்ல, மிக மெல்ல, அரைச் சுற்று. "கிழக்குக் கரையோரத்தில் கடல் சற்றுக் கொந்தளிப்பாக இருக்கும்" என்றது பெட்டி. செய்தி முடியும் வரை எல்லோரும் அப்படியே இருந்து கேட்டோம்.

"பிள்ளைக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்றார் கயித்தாம்பிள்ளையர்.

"பாத்துப் பழகினது."

"குறடுமோ?"

"குறடுந்தான்."

அவர் எழுந்தார். பலகாரம் தொடவில்லை. "யோசிச்சு அறிவிக்கிறம்" என்றார். வாசலில் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு போய், படலையில் நின்று சரிப்படுத்தினார். ஒன்பது நாளாக ஒரு தகவலும் இல்லை.

முழுப் பிழையும் என்னுடையது. அக்கா என்னைக் காப்பாற்றத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டா. நான் அவவிடம் மன்னிப்புக் கேட்டேன். "போடா" என்றா. அது மன்னிப்பா இல்லையா என்று தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் ஏதோ ஒரு பதிலுக்குக் காத்திருக்கிறோம். தபால்காரர் எங்கள் படலையைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

அப்பா நேற்று, என்னோடு பேசாமல் சுவரோடு பேசினார்: "மாமனுக்கு எழுதச் சொல்லு. பாஸ்குத் திருநாளுக்கு முதல் வந்து இந்தச் சாத்தானைக் கொண்டு போகட்டும்." எழுதிவிட்டேன். தயவுசெய்து வந்து எடுத்துக்கொண்டு போங்கள். பற்றறி இன்னும் பாதி இருக்கிறது. மாமிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு. தேவமாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும்; நேரமிருந்தால் எங்களையும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்,
அலோசியஸ்

பி.கு. மாமா, இது நான் புனிதம். தம்பி கடித உறை ஒட்டப் பசை எடுக்கப் போயிட்டான். கெதியா எழுதிறன். அவன் எழுதினதை நம்பாதேங்கோ. அவன் முள்ளைச் சரியான இடத்திலைதான் விட்டவன். ஞாயிற்றுக்கிழமை பூசையாலை வந்து அதை மாத்தி வைச்சது நான். பாட்டுக்காரி வாற நேரமும் எனக்குத் தெரியும். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை மாமா, படத்தை மட்டும் காட்டினவை. படத்திலை ஆள் சாமியார் மாதிரி. சரி, சம்பந்தம் குழம்பட்டும் எண்டுதான் செய்தனான். குசினி யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டன். எல்லாரும் கல்லாட்டம் இருக்கேக்கை அவர் லேஞ்சியை வாயிலை அமத்திக்கொண்டு சிரிக்கிறார். கண்ணாலை தண்ணி ஓடுது. இருமினவராம்! இந்தத் தம்பிக்கு ஒண்டும் விளங்காது. அதைக் கண்ட பிறகுதான் குறட்டை எடுத்துக்கொண்டு வெளியிலை வந்தனான், ஆனால் பிந்திப் போச்சு. பெட்டி எடுக்க வரவேண்டாம். கொழும்பாலை வாற சனிக்கிழமைக் கோச்சியிலை ஏறி வவுனியாவிலை இறங்குங்கோ. அவையின்ரை வீட்டை போங்கோ. பெட்டை இனிமேல் றேடியோவைத் தொடமாட்டாள் எண்டு தேப்பனுக்குச் சொல்லுங்கோ. மகனைத் தனியக் கண்டால், தொடுவாள் எண்டு சொல்லுங்கோ.