காணவில்லை: சாம்பல் நிறப் பூனை

"உங்க பூனைதானே இது?" என்று கேட்டாள் இரண்டாம் மாடித் தையல்காரம்மா.

சனிக்கிழமை காலை. அவன் வாயில் பல் துலக்கும் பிரஷ். அவள் இடுப்பில், குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வைத்த ஒரு பூனை.

"இது மஞ்சள் பூனைங்க," என்றான் நுரையோடு. "நோட்டீஸ்ல சாம்பல் நிறம்னு போட்டிருக்கு."

"அப்படியா? பூனைன்னதும் தூக்கிட்டு வந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். சோபாவில் மலையாய்க் கிடந்த துவைத்த துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கை சும்மா இருக்கவில்லை. ஊர்க்கதை பேசியபடியே ஒவ்வொன்றாக மடித்தாள். மலை கரைந்த பிறகுதான் பூனையோடு எழுந்து போனாள்.

அவனிடம் சாம்பல் நிறப் பூனை கிடையாது. வேறு எந்த நிறப் பூனையும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒன்பது வயது மகளும், திங்கட்கிழமை அவளுக்கு இங்கிலீஷ் பரீட்சையும்தான்.

போன மாதத் தேர்வில், விளம்பரத்தைப் படித்துப் பதில் எழுதும் பகுதியில் அவள் கோட்டை விட்டிருந்தாள். நீச்சல் வகுப்பு விளம்பரம் ஒன்று. 'இது யாருக்காக?' என்பது கேள்வி. சிறுவர் சிறுமியருக்கு என்று கொட்டை எழுத்தில் அதிலேயே இருந்தது. இவள், 'சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லாதவர்களுக்கு' என்று எழுதி வைத்திருந்தாள்.

டீச்சர் போன் செய்தார். "எழுதியிருக்கறதைப் படிக்க மாட்டேங்கறா சார். எழுதாததைப் படிக்கறா. வருஷக் கடைசிப் பரீட்சையிலயும் இப்படின்னா, இங்கிலீஷுக்கு மட்டும் சின்ன வகுப்புப் பிள்ளைங்களோட உட்கார வைக்க வேண்டி வரும். நிஜ நோட்டீஸ் மாதிரி ஒண்ணு செஞ்சு, மாட்டுற இடத்துல மாட்டிப் பழக்குங்க. இங்கிலீஷ் எல்லாம் அவங்க அம்மாதானே..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான் சொல்லிக் கொடுக்கறேன்," என்றான்.

மனைவி இறந்த பிறகு வரும் முதல் பெரிய பரீட்சை. மகள் தோற்றால், தோற்றது மகளாக இருக்காது என்று அவனுக்குத் தெரியும்.

இன்சூரன்ஸ் ஆபீசில் அடுத்தவர் எழுதிய விண்ணப்பங்களில் ஓட்டை கண்டுபிடிப்பது அவன் வேலை. எனவே ஓட்டையே இல்லாத நோட்டீஸ் ஒன்றை ஆங்கிலத்தில் தயாரித்தான். காணாமல் போன பூனை, அதன் படம், சாம்பல் நிறம், வெள்ளைக் கால், தன் வீட்டு நம்பர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் குத்திவிட்டு, மகளை அதன் முன்னால் நிறுத்தினான்.

"இது யாருக்காக?"

"இந்த பில்டிங்ல இருக்கறவங்களுக்கு."

"சரி. அவங்களை என்ன செய்யச் சொல்லுது?"

"நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுது."

"பூனையைக் கண்டுபிடிச்சுத் தரச் சொல்லுது பாப்பா. பாதி மார்க்."

அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. ஏறினார்கள். நோட்டீஸ் பலகையிலேயே தங்கிவிட்டது. மறுநாள் காலை தையல்காரம்மா.

அவள் போன கையோடு கீழே ஓடி அதைப் பிடுங்கி எறிந்தான். விட்டது சனி என்று மேலே வந்தான்.

மத்தியானம் நான்காம் மாடியிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வந்தார்.

"தம்பி, உங்க நோட்டீஸை எவனோ கிழிச்சிட்டான். நீங்க கவலைப்படாதீங்க. நான் முன்னாடியே போட்டோ எடுத்து வச்சிருந்தேன். பிரிண்ட் போட்டு மாடிக்கு மாடி ஒட்டிட்டேன்." கக்கத்தில் துண்டில் சுற்றிய பூனை ஒன்று முழித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, இதுவும் மஞ்சளா இருக்கே."

"மஞ்சளா? எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல் தம்பி."

அவர் ஓட்டிய பஸ்ஸில் ஏறியவர்களை அவன் நினைத்துக்கொண்டான். டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தான் ஓட்டிய ரூட்டையெல்லாம் ஸ்டாப் ஸ்டாப்பாகச் சொல்லி முடித்துப் பூனையோடு கிளம்பியபோது விளக்கு வைக்கும் நேரமாகியிருந்தது. அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்து எத்தனை மாதமாயிற்று என்று அவனுக்கு நினைவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் இல்லாத பூனைக்காக மாடி மாடியாக ஏறி நோட்டீஸ் ஒட்டிய மனிதரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

"நீ மட்டும் இல்லை பாப்பா," என்றான் மகளிடம். "இந்த பில்டிங்ல ஒருத்தருக்கும் நோட்டீஸ் படிக்க வரலை."

மகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு முடிவுக்கு வந்தான். 'பூனை கிடைத்துவிட்டது. அனைவருக்கும் நன்றி' என்று அடித்து எல்லா மாடியிலும் ஒட்டினான். இனி யார் வரப் போகிறார்கள்?

தையல்காரம்மாவும் டிரைவரும் சேர்ந்தே வந்தார்கள்.

"கிடைச்சிடுச்சாமே. எங்க, காட்டுங்க பார்ப்போம்."

"கட்டிலுக்கு அடியில இருக்கு. புது ஆளுங்கன்னா கூச்சம்."

டிரைவர் மண்டி போட்டுக் குனிந்துவிட்டார். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து ஆறாம் மாடிப் புதுமணத் தம்பதி ஒரு கூடையோடு வாசலில் நின்றார்கள். கூடையிலிருந்து குதித்த மஞ்சள் பூனை, வழி தெரிந்தது போல நேராகச் சமையலறைக்குள் போனது.

"அதோ," என்றான் அவன். "அதுதான் எங்க பூனை."

"சாம்பல்னு போட்டிருந்தீங்களே?" என்றார் கண் மங்கலான டிரைவர்.

"தொலைஞ்சு போன பயத்துல நிறம் மாறிடுச்சு தாத்தா," என்றாள் மகள்.

இருக்கும் இருக்கும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். புதுப்பெண் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கணவன் அவள் கையை மெல்ல அழுத்தினான். உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

கதவைச் சாத்தியதும் வீடு பழையபடி ஆனது. குழாய் சொட்டுவது கேட்டது.

மிச்சமிருந்த 'கிடைத்துவிட்டது' நோட்டீஸ் ஒன்றை மகள் முன்னால் வைத்தான். "கடைசிப் பயிற்சி. இது யாருக்காக?"

அவள் நிதானமாகப் படித்தாள். "இனிமே நம்ம வீட்டுக்கு வர வேண்டாதவங்களுக்கு."

சிவப்புப் பேனாவைத் திறந்தான். எந்த மார்க்கும் போடத் தோன்றவில்லை. மூடி வைத்தான்.

அழைப்பு மணி அடித்தது. தரைத்தளத்துப் பல் டாக்டர். அவருடைய பெயர்ப் பலகையோடுதான் இதுவரை அவனுக்குப் பழக்கம்.

"என் பூனை இங்க இருக்காமே?"

மகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பெண்ணின் எதிரில் பூனைத் திருடன். பூனையைத் தூக்கி இரண்டு கையாலும் நீட்டினான்.

"மன்னிச்சிடுங்க டாக்டர். எங்களுக்குப் பூனையே கிடையாது. இவளுக்கு நாளைக்குப் பரீட்சை, நோட்டீஸ் படிச்சுப் பதில் எழுதணும். பழகட்டும்னு நான்தான் பொய்யா ஒண்ணு ஒட்டினேன். அப்புறம் எப்படி நிறுத்தறதுன்னு தெரியலை."

டாக்டர் பூனையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார்.

"அது பரவாயில்லை சார். கிடைச்சிடுச்சுன்னு ஒட்டியிருக்கீங்களே, அதை மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்க. உங்க வீட்டுக்கு எடுத்துட்டு வர்றதுக்கு ஏழாம் மாடிக்காரங்களுக்கு நாளைக்குத்தான் பூனை தர்றதா சொல்லியிருக்கேன்."