ஒரே ஒரு சீட்

காலை ஆறு மணி இருபது நிமிடம். டில்லி மயூர் விஹாரிலிருந்து கிளம்பி நொய்டா மோர் சந்திப்பைத் தாண்டுவதற்குள் பதினோராவது முறையாக "லெஃப்ட்ல பாத்து" என்று சொன்னார் விஜயலக்ஷ்மி.

காரை ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் ராஜகோபாலன் லெஃப்டில் பார்த்தார். லெஃப்டில் மனைவி இருந்தார். வேறு எதுவும் இல்லை.

"அந்த ஆட்டோ திரும்பறான்."

"தெரியறது."

"தெரிஞ்சா ஏன் ப்ரேக் போடலை?"

"அவன் எதிர் ரோடுல போறான், விஜி."

"டில்லி ஆட்டோக்காரனுக்கு எதிர் ரோடு, நம்ம ரோடுன்னு உண்டா?"

அவர் ப்ரேக் போட்டார். கல்யாணமாகி முப்பத்து நாலு வருடங்களாக இப்படித்தான். ராஜகோபாலன் மத்திய அரசில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் கையெழுத்துக்காக மாநில அரசுகள் காத்துக் கிடந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் எந்தத் திருப்பத்தில் திரும்புவது என்பதை அவர் ஒருநாளும் தீர்மானித்ததில்லை. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஸ்கூட்டர். உத்தரவு பின் சீட்டிலிருந்து வந்தது. மயூர் விஹார் சொஸைட்டி ஃப்ளாட்டுக்கு வந்தபின் கார். உத்தரவு பக்கத்து சீட்டுக்கு இடம் மாறியது. முப்பத்து நாலு வருடத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் அதுதான்.

அன்று அவர்கள் கிளம்பியது டிராக்டர் பார்க்க.

தாத்ரியைத் தாண்டி அவர்களுக்கு ஒரு ஏக்கர் நிலம் உண்டு. பெண் பெயரில் பதிந்தால் முத்திரைக் கட்டணம் சற்றுக் குறையும் என்று கேள்விப்பட்டு, ராஜகோபாலன் அதை மனைவி பெயரில் பதிந்திருந்தார். தன் சாமர்த்தியத்தை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். விஜயலக்ஷ்மி அங்கே நூல் பிடித்து எலுமிச்சைக் கன்றுகள் நட்டிருந்தார். ராத்திரியில் வரும் நீலகாய் மான்கள் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டு, எலுமிச்சையை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின. மான்கள் விட்டதை வாடகை டிராக்டர் விடவில்லை. வரிசைகளுக்கு நடுவே புல்லை உழ ஒருமுறை வந்தால், போகும்போது அரை டஜன் கன்றுகளைக் கூட்டிக்கொண்டு போனது. ஆகவே, சொந்தமாக ஒரு டிராக்டர்.

விஜயலக்ஷ்மிக்குக் கன்றுகள் பிழைக்க வேண்டும். ராஜகோபாலனுக்கு வேறு காரணம் இருந்தது. அதை அவர் கீழ்வீட்டு ரங்கராஜனிடம் மட்டும் சொன்னார். ரங்கராஜன் ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்தவர். அதனால் என்ஜின்களைப் பற்றி அவருக்கு உறுதியான அபிப்பிராயங்கள் இருந்தன.

"ஓய், டிராக்டர்ல எத்தனை சீட்?"

"ஒண்ணு."

"உலகத்துல ஒரே ஒரு சீட் இருக்கற வண்டி வேற எது, சொல்லும்."

"சைக்கிள்."

"அதுல கேரியர் உண்டு."

ரங்கராஜன் யோசித்தார். "குதிரை."

"பின்னாடி ஏறிக்கலாம்."

ரங்கராஜனுக்கு விளங்கிவிட்டது. அவர் மனைவி லதாவும் ஸ்டியரிங்கைத் தொடாமலே கார் ஓட்டுகிறவர்தான்.

"அது மட்டும் இல்லை ஓய். ஓடற சத்தத்துல பக்கத்துல இருந்து யார் என்ன கத்தினாலும் காதுல விழாது." சொல்லும்போதே ராஜகோபாலனுக்குக் கண் சொருகியது.

"ரொம்ப ஆடாதேயும். இந்த ஊர்ல டிராக்டர்னா மட்கார்டுக்கு ரெண்டு பேர் உக்காருவா. உம்மாத்துலயும் உக்காருவா."

ராஜகோபாலன் இதை யோசிக்கவில்லை. முகம் சுருங்கிப்போனது.

"மினி வாங்கும்" என்றார் ரங்கராஜன். "அதுல மட்கார்டு தாம்பாளம் மாதிரி இருக்கும். ஒரு செம்புத் தண்ணி வெச்சாலே வளையும்."

"அவளே ஓட்டறேன்னு ஏறி உக்காந்துட்டா?"

"கியர் வண்டியா வாங்கும். முன்னாடி போக எட்டு, பின்னாடி வர ரெண்டு. பாத்தாலே பயம் வரும். இப்போ பெடல் டிராக்டர்னு ஒண்ணு வந்திருக்கு. ஹைட்ரோஸ்டாட்டிக்னு பேர். க்ளட்ச் மிதிச்சு கியர் மாத்தற வேலையே இல்லை. ஒரு பெடலை மிதிச்சா முன்னாடி போகும், இன்னொண்ணை மிதிச்சாப் பின்னாடி போகும், காலை எடுத்தா நிக்கும். தையல் மிஷின் மாதிரி. அதை மட்டும் அவா கண்ணுல காட்டிடாதேயும்."

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. ராஜகோபாலனின் இடது முழங்கால். டாக்டர் இரண்டு விஷயங்களைத் தடை செய்திருந்தார். தரையில் சம்மணம் போடக் கூடாது. க்ளட்ச் மிதிக்கக் கூடாது. வீட்டில் ராஜகோபாலன் முதலாவதை மட்டும் சொன்னார், ஆவணி அவிட்டத்திலிருந்து விடுதலை கிடைக்கும் என்பதால். இரண்டாவதைச் சொல்லாமல், டில்லி டிராஃபிக்குக்கு இதுதான் தோது என்று ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். அந்தக் காரைக் கொண்டு சொஸைட்டி பார்க்கிங் தூணை மூன்று முறை இடித்தார். தூணுக்கு இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்.

"வயல்ல என்ன சிக்னலா இருக்கு?" என்று ரங்கராஜன் தைரியம் சொன்னார். "ஒரு தடவை கியர் போட்டா போயிண்டே இருக்கும். க்ளட்ச்சுக்கு வேலையே இல்லை."

இப்படியாக டிராக்டரின் அளவு மட்கார்டை வைத்தும், கியர் பெட்டி மனைவியை வைத்தும் முடிவாயின. மண், ஏக்கர், குதிரைத் திறன் போன்றவை பரிசீலனைக்கு வரவில்லை.

தாத்ரி டீலர் சௌத்ரி அவர்களை வரவேற்று, டீ வரவழைத்து, நேரே பெடல் டிராக்டரிடம்தான் கூட்டிப்போனார்.

"பாபுஜி, புது மால். மேடம்ஜிகூட ஓட்டலாம்."

ராஜகோபாலன் அவசரமாகத் திரும்பிக்கொண்டு பக்கத்தில் நின்ற கியர் வண்டியின் மட்கார்டைத் தட்டினார். "இதில் ஆள் உட்காரலாமா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

சௌத்ரி அதைப் புகார் என்று எடுத்துக்கொண்டு வருத்தப்பட்டார். "நஹீ பாபுஜி. சின்ன வண்டி. உட்கார்ந்தால் வளைந்து டயரில் உரசும். பெரிய மாடல் காட்டவா? மூன்று பேர் ஆராமாக உட்காரலாம்."

"வேண்டாம், வேண்டாம்." முப்பத்தாறு வருட சர்வீஸில் எந்தக் கோப்பிலும் அவர் இத்தனை ஜல்தியாக முடிவெடுத்ததில்லை.

இதற்குள் விஜயலக்ஷ்மி கியர் வண்டியைச் சுற்றி வந்து, என்ஜின் பக்கத்தில் செருகியிருந்த, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். கிடந்த துணியில் துடைத்தார். திரும்பச் செருகி, மறுபடி உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சௌத்ரி அவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். ராஜகோபாலனும் பார்த்தார். கரண்டி மாதிரி இருக்கிறதே என்று எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். விஜயலக்ஷ்மியின் அப்பா டில்லி பூசா விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர். விஜயலக்ஷ்மி வளர்ந்தது பண்ணைக் குவார்ட்டர்ஸில், படித்தது பூசா ரோடு தமிழ்ப் பள்ளியில். மாமனார் வீட்டுக்கு வந்தால் யூரியாவைப் பற்றிப் பேசுவார். மாப்பிள்ளை பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். அந்தப் பண்ணையைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி, குவார்ட்டர்ஸ் அந்தஸ்தில் டைப் த்ரீயா, டைப் ஃபோரா என்பது.

"ஏன்னா, நான் இதை ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று பெடல் டிராக்டரில் ஏறினார் விஜயலக்ஷ்மி. சௌத்ரி ஸ்டார்ட் செய்து கொடுத்தார். வண்டி ஆறடி போய், அடுக்கி வைத்திருந்த டயர்களில் முட்டி நின்றது. ஒரு டயர் உருண்டு தெருவுக்குப் போனது. விஜயலக்ஷ்மி சிரித்த முகமாக இறங்கினார்.

"எவ்வளவு ஈஸி, பாருங்கோ. இதையே வாங்கிடலாம். நாலு நாள் நான் ஓட்டறேன், மூணு நாள் நீங்க ஓட்டுங்கோ."

ராஜகோபாலன் மனதுக்குள் கணக்குப் போட்டார். தனக்கென்று உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு சீட்டில் வாரத்துக்கு நாலு நாள் போய்விட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் கியரின் பெருமையைப் பேசினார்.

"பெடல் வண்டி எண்ணெய் அழுத்தத்துல ஓடறது. என்ஜின் சக்தில கொஞ்சம் அதுவே சாப்பிட்டுடும்."

"சாப்பிட்டுப் போகட்டும். முன்னாடி பாத்து."

"ரிப்பேர் ஆனா அந்த கிராமத்துல எவனுக்கும் பாக்கத் தெரியாது. கியர்னா குழந்தைகூடச் சரி பண்ணும்."

"எனக்குப் பெடல்தான் வரது. லாரி, லாரி."

"விஜி, இது ஆத்துக்கு மிக்ஸி வாங்கறாப்பல இல்லை. டெக்னிக்கல் விஷயம்."

விஜயலக்ஷ்மி லாரி தாண்டும்வரை ரோட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

முப்பத்து நாலு வருடத்தில் முதல் முறையாகக் கேட்கும் வாக்கியம். வேறு யாராவது இருந்தால் காரை ஓரம் கட்டிவிட்டு யோசித்திருப்பார்கள். ராஜகோபாலன் ஹிந்திப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார்.

"அப்புறம் மாத்த மாட்டேளே?"

"மாத்தவே மாட்டேன்."

"ரங்கராஜன் மாமா முன்னாடி சொல்லுங்கோ."

சொன்னார். ரங்கராஜன் கண்ணைச் சிமிட்டினார்.

நவம்பர் மாதத்தின் நாலாவது ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் நிலத்துக்கு வந்தது. சௌத்ரி கூடவே வந்தார். வேடிக்கை பார்க்க ரங்கராஜனும் வந்தார். டிராக்டருக்கு மாலை போட்டு, நாலு டயருக்கும் கீழே கடையில் வாங்கிய எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ராஜகோபாலன் ஏறி உட்கார்ந்தார். லெஃப்டில் பார்த்தார். லெஃப்டில் யாருமே இல்லை. கொஞ்சம் புகைமூட்டம் இருந்தது. அது எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சுகம் க்ளட்ச்சை மிதிக்கும்வரை நீடித்தது.

க்ளட்ச் பாதிவரை போனது. முழங்கால் அதோடு போகவில்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வலி தாங்காமல் காலை வெடுக்கென்று எடுத்தார். வண்டி தவளை மாதிரி தாவி, ஒரு கன்றைச் சாய்த்துவிட்டு அணைந்தது. இரண்டாவது முறை இன்னொரு கன்று. மூன்றாவது முறைக்குக் கால் சம்மதிக்கவில்லை. சௌத்ரியும் ரங்கராஜனும் சேர்ந்து அவரைக் குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்கினார்கள்.

"ஒரு தடவை போட்டா போயிண்டே இருக்கும்னீரே ஓய்."

"அந்த ஒரு தடவை போடணுமே ஓய்" என்றார் ரங்கராஜன்.

விஜயலக்ஷ்மி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். காலில் கான்வாஸ் ஷூ போட்டிருந்ததை ராஜகோபாலன் அப்போதுதான் கவனித்தார். விஜயலக்ஷ்மி ஏறினார். கியரை ஆட்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தார். க்ளட்ச்சை அடிவரை மிதித்து, ஸ்டார்ட் செய்து, இரண்டாவது கியரில் போட்டு, பின்னால் மாட்டியிருந்த, புல்லை உழும் ரோட்டவேட்டரை மண்ணில் இறக்கினார். வண்டி குலுங்காமல் நகர்ந்தது. வரிசைக்கு நடுவே போய், கோடியில் திரும்பி, அடுத்த வரிசையில் வந்தது. ஒரு கன்றின் இலைகூட ஆடவில்லை.

"வாஹ், பஹன்ஜி" என்றார் சௌத்ரி.

வண்டி அருகே வந்து நின்றது. ராஜகோபாலன் நொண்டிக்கொண்டே போனார்.

"எங்கே கத்துண்டே?"

"பூசாலதான். அப்பா பண்ணை டிராக்டர்ல. அப்போ எனக்குப் பதினாறு வயசு."

"சொல்லவே இல்லையே."

"டைப் த்ரீயா, ஃபோரான்னு கேட்டேள். த்ரீன்னு சொன்னேன். அதுக்கு மேல நீங்க கேக்கலை."

"அப்போ அன்னிக்கு டயர்ல போய் முட்டினது?"

"முட்டினாத்தானே எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நம்புவேள்."

"கியர் வேணும்னா கியர் வேணும்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க பெடல் வாங்கியிருப்பேள்."

"வாங்கினா என்ன? உனக்குத்தான் எதுவும் ஓட்ட வரதே."

"பெடல் வண்டியை நீங்களும் ஓட்டிடுவேளே. தூணை மூணு தடவை இடிச்சவரை நம்பிக் கன்னுக்குட்டி மாதிரி இருக்கற செடியை எப்படி விடறது?"

"என் முழங்கால் விஷயம் உனக்கு..."

"டாக்டராத்து மாமி எங்க சஹஸ்ரநாம கோஷ்டிதான். க்ளட்ச் கூடாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டா. நகருங்கோ, இன்னும் ஏழு வரிசை இருக்கு."

ராஜகோபாலன் நகரவில்லை. கடைசி முயற்சியாக மட்கார்டில் கை வைத்தார்.

"உக்காரக் கூடாது. டயர்ல உரசும்" என்றார் விஜயலக்ஷ்மி. "நீங்கதானே கேட்டு உறுதி பண்ணிண்டேள்."

டிராக்டர் கிளம்பியது. சாய்ந்த கன்றுகளை நிமிர்த்தி வைத்துவிட்டு ராஜகோபாலன் பின்னாலேயே நடந்தார். மூன்றாவது வரிசையில் அவரால் பொறுக்க முடியவில்லை.

"விஜி, லெஃப்ட்ல பாத்து."

ஓடுகிற சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, டிராக்டருக்குப் பின்னால் மாட்ட ஒரு சின்ன டிராலி வந்தது. இப்போது ராஜகோபாலன் அதில்தான் வருகிறார், எரு மூட்டைகளுக்கு லெஃப்டில்.