பினாயில் வீட்டுப் பூனை

அழுக்கைக் கண்டால் முகம் சுளிப்பவர்களை எல்லோருக்கும் தெரியும். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்ல வந்தது வேறொரு இனம். அழுக்கே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, எங்கேயாவது ஒளிந்திருக்கும், இல்லாமல் போகாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறார்களே, அந்தச் சுத்தக்காரர்கள். விருந்தாளி வந்தால் "வாங்க, வாங்க" என்று வாய் சொல்லும். கண் அவர் பாதத்தைப் பார்க்கும். அவர் எழுந்து போகும்வரை பொறுக்க முடியாமல், உட்கார்ந்திருக்கும்போதே காலைத் தூக்கச் சொல்லி அடியில் துடைப்பார்கள். ஏன் என்று கேட்டால், "குறையா எதுவும் சொல்லலைங்க, சும்மா ஒரு தடவை" என்பார்கள். அந்த ஒரு தடவை என்றைக்காவது ஒரு தடவையோடு நின்று பார்த்திருக்கிறீர்களா?

இந்த இனத்தில் தேர்ந்த மாதிரி ஒருவரைக் காட்டுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பகலெல்லாம் வாடிக்கையாளரின் விரல் ரேகையைக் கண்ணாடியிலிருந்து துடைப்பது தொழில். மாலையில் வீட்டுக்கு வந்து பெண்டாட்டி பிள்ளையின் விரல் ரேகையைக் கதவுகளிலிருந்து துடைப்பது பொழுதுபோக்கு. தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் பினாயில். அது அவர் காதிலும் விழுந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்ட வீட்டுக்குள் பூனை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மகள் நச்சரித்தாள். எதற்கும் மசியாதவர், "பூனை ரொம்பச் சுத்தம்பா, நாள் முழுக்க தன்னைத்தானே துடைச்சிக்கிட்டே இருக்கும்" என்ற ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டார். தனக்கொரு கூட்டாளி கிடைத்ததாக நினைத்தார். சாம்பல் நிறக் குட்டி ஒன்று வந்தது. மகள் அதற்குச் சாம்பல் என்றே பெயர் வைத்தாள். அந்தச் சொல்லே வீட்டுக்குள் புழங்கக் கூடாது என்று அவர் மட்டும் அதைப் பூனை என்றே கூப்பிட்டார். அது தன்னைத் துடைத்துக்கொள்வது எச்சிலால் என்று கண்ணால் கண்ட அன்று கூட்டணி முறிந்தது.

பூனைக்கு ஒரு பழக்கம் உண்டு. மேஜைக் கால், சோபா மூலை, கதவோரம் என்று போகிற இடமெல்லாம் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையை வைக்கும். அந்த வாசனை இருந்தால்தான் இது நம் வீடு என்று அதற்கு நிம்மதி. அது தேய்க்கும், இவர் பின்னாலேயே போய்த் துடைப்பார். அது மறுபடி தேய்க்கும். இவர் மறுபடி துடைப்பார். அது படுக்கிற விரிப்பைத் தினமும் துவைத்து, மலம் கழிக்கிற மணல் தொட்டியைப் பினாயில் ஊற்றித் தேய்த்து, கூடத்தில் இருந்தால் பார்வைக்கு நன்றாக இல்லை என்று அதைப் பால்கனிக்கு மாற்றி, அங்கிருந்து குளியலறைக்கு மாற்றி, போதாக்குறைக்கு எலுமிச்சை வாசனை வேறு தெளித்து வைத்தார். பாவம் அந்தக் குட்டி, தொட்டியைத் தேடிப் போய் மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பியது. கடைசியில் அவர் தலையணையில் மூத்திரம் போனது.

"அது ஏன் அப்படிப் பண்ணுதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"யோசிக்க என்ன இருக்கு? கொழுப்பு. ஞாயித்துக்கிழமை யாருக்காவது குடுத்துடலாம்."

மகள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் பூனையும் சாப்பிடவில்லை. கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. இவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? எச்சிலைத் துடைத்தார்.

மனைவி அதைக் கூடையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். கூடவே மகளும், கையில் துண்டோடு இவரும்.

"தரையை எதால துடைக்கிறீங்க?" என்று கேட்டார் மருத்துவர், தொட்டி முதல் தலையணை வரை மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு.

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதானே மனிதர் இத்தனை காலம் காத்திருந்தார். காலையில் எது, மாலையில் எது, மூலைகளுக்குத் தனியாக எது என்று மூச்சு விடாமல் சொன்னார்.

மருத்துவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அது மேல நடந்துட்டு வந்து பாதத்தை நக்குது. நீங்க தரையில ஊத்தறதுதான் அது வயித்துக்குள்ள போகுது. பினாயில் பூனைக்கு விஷம்."

"அப்ப காலுக்கு உறை ஏதாவது மாட்டி விடலாமா டாக்டர்?"

மருத்துவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். மிச்சத்தை மனைவியிடம் சொன்னார். "தொட்டியில அசிங்கத்தை தினம் அள்ளிடுங்க. தொட்டியை வாசனை எதுவும் போடாம கழுவுங்க. அதையும் படுக்கையையும் இடம் மாத்தாதீங்க. தலையணையில போச்சுன்னா, அந்த வீட்டுல உயிருள்ள வாசனை அடிக்கிற இடம் அது ஒண்ணுதான் போல. இதெல்லாம் அது பிழைச்சா பார்த்துக்கலாம்."

பிழைச்சா என்ற சொல்லைக் கேட்டதும் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகக் கூடாது என்று அழுதாள். மருத்துவர் ஊசி போட்டு மருந்து கொடுத்ததும், மகளையும் பூனையையும் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டாள் மனைவி. சித்தி துணி தைப்பவள். வீடு முழுக்க வெட்டுத் துணி, நூல், பாதி தைத்த ரவிக்கை. பூனை ஒரு துணிக் குவியலைத் தேர்ந்தெடுத்துக் கன்னத்தைத் தேய்த்தது. யாரும் வந்து துடைக்கவில்லை. இன்னொரு முறை தேய்த்துவிட்டுத் தூங்கிப்போனது. சில நாளில் தட்டை நக்கிக் காலி செய்தது.

சேதி கேட்டு இருவரையும் கூட்டிப்போக வந்தார் நம்மவர். முகமெல்லாம் பூரிப்பு.

"வாம்மா போகலாம். உங்களுக்காக வீட்டை நல்லாத் துடைச்சு வச்சிருக்கேன்."

பூனை அவர் விரலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தையல் மெஷினுக்கடியில் போய்ப் புகுந்துகொண்டது. மகளும் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருந்துக்கறோம்."

"ஏம்மா? இங்க உனக்கு என்ன இருக்கு?"

"இங்க யாரும் எங்க பின்னாடியே துடைச்சிக்கிட்டு வர்றதில்லை."

அவர் அழுதார். பொய்யில்லை, நிஜமாகவே அழுதார். ஒரு சொட்டு கண்ணீர் தரையில் விழுந்தது. உடனே குனிந்து, கைக்குட்டையால் அதைத் துடைத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் நாற்காலியின் நுனியில்தான் உட்காருகிறார்களா என்று கொஞ்சம் கவனியுங்கள். பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போன உங்கள் பிள்ளை, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி வருகிறதா? எங்கள் வீட்டில் பூனையே இல்லையே என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். தெருவில் எல்லா வீட்டுக்கும் போய்வருகிற பூனை உங்கள் வாசலை மட்டும் ஏன் சுற்றிக்கொண்டு போகிறது என்று எழுந்து போய்ப் பாருங்கள். போகும்போது கையில் இருக்கும் அந்தத் துணியைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள்.